பதிவை அவனையே அழிக்கச் சொன்னது ஏன்?

கேள்வி: எனக்கு 24 வயது. ஆன்லைன் கேம் ஒன்றை விளையாடுபவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் சர்வரில் மூன்று வருடமாக மாடரேட்டராக (பதிவுகளைக் கண்காணித்து, விதி மீறுபவர்களை நீக்கும் பொறுப்பு) இருக்கிறேன். 15 வயதுத் தம்பியும் அதில் இருக்கிறான். போன வாரம் கேமில் பிளாக்குகளை அடுக்கி நாஜிக் கொடி மாதிரி கட்டி, ஸ்கிரீன்ஷாட்டை சர்வரில் போட்டுவிட்டான். பெயருக்குப் பின்னால் 88 வேறு. ஓர் உறுப்பினர் என்னிடம் புகார் செய்தார். மாடரேட்டர்கள் செய்வதெல்லாம் பதிவாகும் லாகில் வராதபடி படத்தை அவனையே அழிக்கச் சொல்லிவிட்டேன். போன மாதம் இதே காரணத்துக்காக வேறொரு பையனை நிரந்தரமாக நீக்கியிருக்கிறேன் என்பதால் தம்பியை நன்றாகத் திட்டினேன். “விளையாட்டுக்குத்தானே அக்கா, அது ஸ்வஸ்திகாதானே” என்று அழுகிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை. எப்படித் தேற்றுவது?

பதில்: தேற்றுவதை அப்புறம் பார்க்கலாம், மகளே. “லாகில் வராதபடி படத்தை அவனையே அழிக்கச் சொல்லிவிட்டேன்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மாடரேட்டர் பிறர் பதிவை நீக்கினால் ஆடிட் லாகில் ஏறும், 45 நாள் இருக்கும். போட்டவரே அழித்தால் அங்கே ஒன்றும் ஏறாது. மூன்று வருடத்தில் கற்ற நுணுக்கத்தைத் தம்பிக்காகச் செலவழித்திருக்கிறாய். அது வெறும் விளையாட்டு என்று நீ நம்பியிருந்தால் மறைக்க என்ன இருக்கிறது? தெரிந்துதான் மறைத்தாய். போன மாதம் நீக்கிய பையனின் பெயர் அநேகமாக இன்னும் அந்த லாகில் இருக்கும். அவனுக்கும் ஓர் அக்கா இருக்கலாம். அவள் மாடரேட்டர் இல்லை, அவ்வளவுதான்.

திட்டினேன் என்கிறாய். நீ என்ன சொல்லித் திட்டியிருந்தாலும், புகார் வந்தால் உடனே அழித்துவிட வேண்டும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொண்டிருப்பான். கற்றுக்கொடுத்தது நீ.

ஸ்வஸ்திகா என்ற சமாதானத்துக்கு வருகிறேன். இந்து, பௌத்த, சமண மரபுகளில் அது மங்கலச் சின்னம். அதை வைத்திருப்பவரைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கும் மாடரேட்டரோடு நானே சண்டைக்கு நிற்பேன். 88 என்ற எண்ணும் அப்படித்தான். 1988-இல் பிறந்தவர்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். அதனால்தான் கூடவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உன் தம்பிக்கு 15 வயது. ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது ‘ஹெச்’. இரண்டு ஹெச் சேர்ந்தால் ‘ஹைல் ஹிட்லர்’. சிவப்பில் வெள்ளை வட்டம், நடுவே சாய்ந்த கறுப்புச் சின்னம்: ஹிட்லரின் கட்சி 1920-இல் எடுத்துக்கொண்ட கொடி அது. அந்த ஆட்சி 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. ரோமா மக்களைக் கொன்றது. உடற்குறையுள்ள குழந்தைகளைக்கூட விடவில்லை. அந்தக் கொடியும் அந்த எண்ணும் ஒரே பையனிடம் சேர்ந்து வந்தால், யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன். யார், எங்கே என்று கேட்டாயா? உன் கடிதத்தில் அது இல்லை.

கேம்களிலேயே வருகிறதே என்பான். ஜெர்மனியில் இந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டினால் மூன்று வருடம் வரை சிறை. 2018-லிருந்து கேம்களுக்குக்கூட ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அங்கே விடுகிறார்கள். கதையில் வில்லன் கையில் இருக்கும் கொடி வேறு, ஒருவன் தானே தூக்கிப் பிடிப்பது வேறு. 2022-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பின மக்கள் 10 பேரைச் சுட்டுக் கொன்ற 18 வயதுப் பையன், மாதக்கணக்கில் தன் திட்டத்தை டிஸ்கார்டில்தான் எழுதிவந்தான். உன் தம்பி அப்படி ஆவான் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சு புழங்கும் இடத்தில் அவன் நின்றிருக்கிறான் என்கிறேன்.

மூத்தவள் என்றால் தம்பியை முந்தானையில் மறைத்துக்கொள்பவள் என்று உனக்கு யார் சொன்னது? அவன் யாரை நோகடித்தானோ அவர்கள் முன்னால் அவனை நிறுத்தி, பக்கத்தில் தானும் நிற்பவள்தான் அக்கா. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்றே அம்மா அப்பாவிடம் சொல். மற்ற மாடரேட்டர்களிடமும் சொல். தம்பியை என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும், அந்தப் பேச்சில் நீ வாயைத் திறக்காதே. தம்பிக்கு என்ன அளவோ அதுவே போன மாதத்துப் பையனுக்கும். உன் பொறுப்பைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. அந்தக் கொடியின் கீழ் என்ன நடந்தது என்று தம்பியோடு உட்கார்ந்து படி. அவன் அழுதால் அழட்டும், எழுந்து போகாதே.

அப்புறம், புகார் செய்தவர். அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. மறுபடி போய்ப் பார்த்திருப்பார், படம் இருந்திருக்காது. பதிலும் வராமல், தான் கண்டது நிஜமா என்றே குழம்பியிருப்பார். நீங்கள் பார்த்தது உண்மை, போட்டவன் என் தம்பி, மறைத்தவள் நான் என்று இன்று இரவுக்குள் அவருக்கு எழுது.