அரையாண்டு லீவுக்கு வீராணமா, தரங்கம்பாடியா?

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் இரண்டு ராத்திரி வெளியூரில் தங்க ஆசை. கணவர் தரங்கம்பாடி கடற்கரை என்கிறார். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி; வீராணம் ஏரிப் பக்கம் போனால் கோயிலும் பார்க்கலாம் என்கிறார். பிள்ளைகளுக்கு வயது 11, 6. சொந்தக் கார் இருக்கிறது. எது சரிப்படும்?

பதில்: இந்தத் தடவை உங்கள் மாமியார் பேச்சைக் கேளுங்கள். டிசம்பர் கடைசி என்றால் ஏரிதான். இதையே மே மாதம் கேட்டிருந்தால் உங்கள் கணவர் பக்கம் பேசியிருப்பேன். நம் டெல்டாவில் ஏரியா கடலா என்பதை மாதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முழுக்க ஓய்ந்திருக்காது. புயல் சின்னம் எதுவும் இல்லாத நாளில்கூட அலை முரட்டுத்தனமாக இருக்கும். கரை மணலை அரித்துப் படிபோல் வெட்டி வைத்திருக்கும். கும்பகோணத்திலிருந்து குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. ஒரு டிசம்பரில் நானே கூட்டிப்போன குடும்பத்தில் ஏழு வயதுப் பையன் தரங்கம்பாடிக் கரையில் முழங்காலளவுத் தண்ணீரில்தான் நின்றான். அலை திரும்பியபோது அவன் காலடி மணல் கரைந்தது. அப்படியே உட்கார்ந்தவன் உட்கார்ந்த வாக்கிலேயே உள்ளே இழுபட்டான். தாத்தா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஒற்றைச் செருப்போடு போயிற்று. அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மழைக்காலத்தில் கடற்கரையை நான் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 26, 2004-இல் சுனாமி அடித்த நாள். வருஷாவருஷம் அன்றைக்கு இந்தக் கரையோர மீனவர்கள் கடலுக்குப் போகாமல், பாலும் பூவும் கடலில் விட்டு அஞ்சலி செய்கிறார்கள். உங்கள் லீவு அந்தத் தேதியை ஒட்டித்தான் வரும். ஊரே துக்கத்தில் இருக்கும் நாளில் அந்த மணலில் போய் நாம் பந்து விளையாட வேண்டாமே.

இனி ஏரி. வீராணம் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர். அதுதான் வாய்வழக்கில் வீராணம் ஆகிவிட்டது. காவிரித் தண்ணீர் கொள்ளிடம் வழியே அணைக்கரையில் உள்ள கீழணைக்கு வந்து, அங்கே பிரியும் வடவாற்றில் ஓடி ஏரிக்குள் சேர்கிறது. அதோடு மழையும் சேர்வதால் மார்கழியில் பெரும்பாலும் தளும்பும். கோடையில் மட்டம் இறங்கிவிடும். வற்றிக் கிடந்த வருஷங்களும் உண்டு. முழு மட்டம் 47.5 அடி. செய்தித்தாளில் ஏரி நிலவரம் வரும்போது பாருங்கள், 45-ஐ ஒட்டி இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.

கும்பகோணம், அணைக்கரை, கங்கைகொண்ட சோழபுரம், காட்டுமன்னார்கோயில் என்று போங்கள். 1836-இல் கட்டிய கீழணையில் பத்து நிமிஷம் நின்று, ஏரிக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது என்று பெரிய பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். காட்டுமன்னார்கோயில் வைணவ ஆசாரியரான நாதமுனிகள் பிறந்த ஊர்; வீரநாராயணப் பெருமாள் கோயிலில் மாமியார் ஆற அமர சேவிக்கட்டும்.

ஏரிக்கரைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ச் சேருங்கள். இது ரொம்ப முக்கியம். பெரிய கரை ஏரிக்குக் கிழக்கே இருப்பதால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். நம் கடற்கரையில் சூரியோதயம்தான் கிடைக்கும். அதற்குப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பவேண்டும். நீர்க்காகம் மரக்கட்டையில் உட்கார்ந்து சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். திரும்பி மறுபக்கம் பார்த்தால், ஏரித் தண்ணீரைவிடத் தாழ்வாகச் சம்பா வயல். மோட்டார் இல்லாமல் மதகைத் திறந்தாலே வயலுக்குத் தண்ணீர் ஓடுவது எப்படி என்பது அந்த ஒரு பார்வையில் பிள்ளைக்குப் புரிந்துவிடும். மதகுப் பக்கம் மட்டும் சின்னவன் கையை விடாதீர்கள். இருட்டுவதற்குள் கிளம்புங்கள், கொசு பிடுங்கிவிடும்.

கரையிலேயே தங்க வசதி கிடையாது. இரண்டு ராத்திரியும் சிதம்பரத்தில் அறை எடுங்கள், தரைத்தளமோ லிஃப்டோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. மார்கழித் திருவாதிரை உங்கள் தேதிக்குள் விழுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். விழுந்தால் நடராஜர் தரிசனத்துக்குக் கூட்டம் குவியும், அறை கிடைப்பது கஷ்டம். மறுநாள் பிச்சாவரம் போனால் உங்கள் கணவரின் மனக்குறையும் தீரும்: கடலை ஒட்டிய உப்பங்கழி, சுரபுன்னைக் காடு, அதற்குள் படகுச் சவாரி. படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது என்றால் மாமியார் அறையில் இருக்கட்டும். மழை வலுத்தால் படகு விடமாட்டார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாது என்றால் மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். டிசம்பர், ஜனவரியில் பறவைகள் நிறைய. ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

தரங்கம்பாடியை மே மாதத்துக்கு வையுங்கள். அப்போது கடல் ஓரளவு அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை நிதானமாகச் சுற்றலாம். மீன் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறியிருக்கும்.

கிளம்பும்போது மடக்கு நாற்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். வீராணத்துக் கரையில் மாமியார் உட்கார வேறு இடம் தேடவேண்டியிருக்காது.