அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி வைத்தீர்களாமே!

கேள்வி: எனக்கு வயது 31. கம்பத்தில் பிறந்து கேரளாவில் வண்டிப்பெரியாறில் வாழ்க்கைப்பட்டவள். கர்ப்பப்பையில் இருந்த ஃபைப்ராய்டு கட்டிகளை மதுரையில் வயிற்றைத் திறந்து எடுத்து மூன்று மாதமாகிறது. ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார் டாக்டர். மாமியார் வீட்டில் தினமும் 'விசேஷம் உண்டா' என்று கேட்கிறார்கள். (அவர்களிடம் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருக்கிறோம். கணவர் அப்படிச் சொல்லச் சொன்னார்.) இப்போதே முயற்சி செய்யலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: கூடாது மகளே. ஆறு என்றால் ஆறுதான், அதுவரை ஆணுறை. தையல் எவ்வளவு ஆழம், கர்ப்பப்பையின் உள்ளறை வரை வெட்டினார்களா என்று அடுத்த ரிவியூவில் கேள். ஆழமென்றால் இன்னும் தள்ளிப்போடச் சொல்லலாம். வலி வருமுன்பே சிசேரியன் என்றும் முடிவெடுப்பார்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முயற்சிக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பி.

சரி, அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தாயே, அதற்கு வருகிறேன்.

எட்டாம் மாதம், ராத்திரி. கணவர் ஊரில் இல்லை. வலி எடுத்து, மாமியார்தான் ஜீப் பிடித்து மலைப்பாதையில் உன்னைக் கொண்டுபோகிறார். முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று நர்ஸ் மலையாளத்தில் கேட்கிறார். அப்பெண்டிக்ஸ் என்பார் மாமியார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானே! சுகப்பிரசவம் ஆகட்டும் என்று அவர்களும் காத்திருப்பார்கள். அப்போது பழைய தையல் விட்டுப்போனால் கர்ப்பப்பை கிழியும். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. நானே சொல்லிக்கொள்வேன் என்பாய். வலியில் சுருண்டு கிடக்கும்போதா?

உன் மேல் எனக்குப் பாதிக் கோபம், உன் கணவர் மேல் முழுக் கோபம். பெண்டாட்டி உடம்பில் நடந்ததைச் சொல்லக் கூசுகிறவருக்கு அதே உடம்பிலிருந்து பிள்ளை மட்டும் வேண்டுமாக்கும்! ஃபைப்ராய்டு என்ன ஒழுக்கக்கேடா? ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு வருவது. உன் மாமியாருக்கே இருந்திருக்கலாம். பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் நடுவில் நின்று பேசுவது ஆண்பிள்ளையின் கடமை. நான் பழைய ஆள், அப்படித்தான் நினைக்கிறேன். தினமும் 'விசேஷம்' கேட்கிறவருக்கு, ஏன் பொறுக்க வேண்டும் என்ற காரணத்தை நீங்கள் இருவரும் சொல்லவே இல்லையே. அவர் கேட்காமல் என்ன செய்வார்?

டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று ஜெராக்ஸ் எடு. ஒன்று உன் கைப்பையில், ஒன்று கம்பத்தில் அம்மாவிடம், ஒன்று மாமியாரிடம். மூன்றாவதைக் கொடுத்து விஷயத்தைச் சொல்ல வேண்டியது நீ இல்லை, உன் கணவர்.