1906 பிரிட்டிஷ்–பிரெஞ்சு ராணுவப் பேச்சு: அமைச்சரவைக்குத் தெரியுமா?

ஜெர்மனியுடன் போர் வந்தால் எப்படிச் சேர்ந்து செயல்படுவது என்று பிரிட்டிஷ், பிரெஞ்சு ராணுவங்கள் நடத்திய பேச்சு, அமைச்சரவைக்குத் தெரியாமல் தளபதிகளே செய்தது என்கிறீர்கள். 1906 ஜனவரியில் பிரிட்டிஷ் அமைச்சரவையில் எல்லோருக்கும் அது தெரியாது என்பது சரிதான். வெளியுறவு அமைச்சர் கிரே அனுமதி தந்ததைப் பிரதமர் கேம்பெல்-பானர்மன், போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் முதலான சிலரே அறிந்திருந்தனர். ஆனால் "தளபதிகள் தன்னிச்சையாகச் செய்தார்கள்" என்ற உங்கள் முடிவு மிகை. வாசலைத் திறந்துவிட்டவரே அமைச்சர்தானே!

நீங்கள் 1911 நவம்பரைத் தவறவிட்டிருக்கலாம். அப்போதுதான் அமைச்சரவை விழித்துக்கொண்டு, தன் முன் ஒப்புதலின்றிக் கூட்டு நடவடிக்கை பற்றிப் பேசக் கூடாது என்றது.

1912 நவம்பரில் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் காம்போனும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படித்துப் பாருங்கள். நிபுணர்களின் ஆலோசனை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது என்று அவற்றில் இருக்கிறது.

அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலில் குவிந்து, வடக்கே போதிய காவல் இல்லாததால், 1914 ஆகஸ்ட் 2 அன்று பிரான்சின் வடக்குக் கடற்கரையைக் காக்க அமைச்சரவை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.