தட்டட்டியில் யாருக்கு வெயில்?

கேள்வி: மாடியில் சோலார் போட மானியம் தருகிறார்கள். சுற்றுச்சூழலுக்கும் நல்லது. என் மனைவியோ, வத்தல் காயப்போட இடமிருக்காது என்று ஒரு சொத்தைக் காரணம் சொல்லி மறுக்கிறாள். புதுத் தொழில்நுட்பம் என்றாலே பெண்களுக்கு ஏன் இந்த ஒவ்வாமை?
– பெயர் வேண்டாம், வள்ளியூர்

பதில்: சொத்தைக் காரணமா? 3 கிலோவாட் சோலார் தகடுகளுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். உங்கள் தட்டட்டியை, அதாவது மொட்டை மாடியை, அளந்தீர்களா? சித்திரையில் விடியுமுன்னே கூழ் கிண்டி, உங்கள் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, காக்கை விரட்டக் கறுப்புத் துணி கட்டுகிறாரே, அதுவும் சூரிய சக்திதான் ஐயா. மானியம் கேட்காத சூரிய சக்தி.

ஒவ்வாமை என்கிறீர்கள். கிரைண்டர் வந்த அன்று ஆட்டுரலை மூலைக்குத் தள்ளியது யார்? 14 நாட்டுக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்து ஆராய்ந்து, 2000-ல் உளவியல் ஆய்வாளர் லினெட் செலஸ்னி குழுவினர் எழுதிய கட்டுரை, சுற்றுச்சூழல் அக்கறையில் பெண்கள்தான் ஒரு படி மேல் என்கிறது. வீட்டுக்குள் வரும் பொருளால் வேலை யார் தலையில் விழும் என்பதை அவர்கள் முதலில் பார்க்கிறார்கள். நாம் மானியத்தைப் பார்க்கிறோம்.

1980களில் அரசு புகையில்லா அடுப்பைப் பரப்பியபோது எங்கள் ஆச்சி வீட்டிலும் ஒன்று கட்டினார்கள். அடுப்பு வாயில் இட்லிக் கொப்பரை உட்காரவில்லை. ஆச்சி ஒரு வாரம் பார்த்தாள். பிறகு புறவாசலில் மூன்று கல்லைக் கூட்டிவிட்டாள். விசாரிக்க வந்தவர் திண்ணையில் இருந்த தாத்தாவிடம், "பிரயோஜனமா இருக்கா?" என்றார். "ரொம்ப" என்றார் தாத்தா, ஒரு நாளும் அடுப்படிக்குள் நுழையாதவர்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று ஆடியில் உங்கள் பக்கம் புழுதியை அள்ளிப்போடும். தகட்டில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். வாளித் தண்ணீரோடு மாடியேறித் துடைப்பது யார்? இதற்கு "நான்" என்று சொல்லும் தைரியம் இருந்தால் பேச்சை மறுபடி எடுங்கள்.

3-க்குப் பதில் 2 கிலோவாட் போடுங்கள். மத்திய அரசின் 2024 திட்டத்தில் மானியம் 78,000 ரூபாயிலிருந்து 60,000 ஆகும். மிச்சமாகிற 100 சதுர அடி எந்தப் பக்கம் என்பதை உங்கள் மனைவி காட்டட்டும், தகடு மாட்ட வருகிறவரிடம் அவரே பேசட்டும். எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும் செயலியும் அவர் போனில் இருக்கட்டும்.

கூழ்வத்தல் காய்ந்ததும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்பிவையுங்கள். அனுப்புநர் பெயராக அவர் பெயரையே போடலாம்.