திட்டறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் பின்னால போங்க

(பெண்கள் கால்பந்துல பதினோரு வருஷம் கீழ் டிவிஷன்ல கோல் கீப்பரா நின்னவங்க, வாசகர் கேள்விகளுக்கு பதில் சொல்றாங்க)

கேள்வி: அக்கா, கீழ் டிவிஷன் பெண்கள் மேட்ச்சை விடாம பார்க்கறவன் நான். போன வாரம் எங்க டீம் கீப்பர் கால் சந்துல ஒரு பந்தை விட்டுட்டாங்க, சாதாரண ஷாட்தான். "கீப்பர் சரியில்ல"ன்னு சொன்னேன், பக்கத்துல இருந்தவர் "அவங்க என்ன சம்பளம் வாங்கிட்டா ஆடறாங்க, வேலை முடிச்சுட்டு வந்து நிக்கறாங்க, உனக்கென்ன"ன்னு சண்டைக்கு வந்துட்டார். பொண்ணுங்க மேட்ச்னா வாயே திறக்கக் கூடாதா?
– ஒரு ரசிகர்

பதில்: தாராளமா திறங்க தம்பி. ஆனா "கீப்பர் சரியில்ல"ங்கறதுல என்ன தகவல் இருக்கு சொல்லுங்க. பந்து கால் சந்துல போச்சுன்னா, எதிராளி அடிக்கிற நேரத்துல அவங்க நின்னுட்டாங்களா இல்ல இன்னும் ஓடிட்டே இருந்தாங்களா, அதைத்தான் முதல்ல பார்க்கணும். ஓடிட்டு இருக்கறப்ப ஒரு கால் அந்தரத்துல இருக்கும், அந்த நேரம் பார்த்து அடிச்சா எவ்ளோ மெதுவா வந்தாலும் குனிய முடியாது. ஷாட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன குதி, ரெண்டு காலும் தரையில, எடை முன்பாதத்துல, கை ரெண்டும் முன்னாடி, இதைத்தான் நாங்க "செட் ஆகறது"ன்னு சொல்லுவோம். "செட் ஆகறதுக்குள்ள அடிச்சுட்டாங்க, இன்னும் ரெண்டு அடி முன்னாடியே நின்னிருக்கணும்"னு நீங்க சொல்லியிருந்தா அவர் சண்டைக்கு வந்திருக்க மாட்டார், வந்திருந்தாலும் நியாயம் உங்க பக்கம் இருந்திருக்கும்.

அப்புறம், பத்து செகண்ட் பின்னால போங்க. நடுவுல பந்தைத் தொலைச்சது யாரு, அடிச்சவங்களை மறிக்க வேண்டியவங்க எங்க போனாங்க, வழியில யார் கால்லயாவது பட்டு திசை மாறுச்சா, எல்லாத்துக்கும் மேல கீப்பர் கண்ணுக்கு பந்து தெரிஞ்சுதா. பக்கவாட்டுல உக்காந்திருக்கற நமக்கு பந்து பூரா நேரமும் தெரியும், அங்க நிக்கறவங்களுக்கு எதிர்ல ஆறு பேரோட இடுப்புதான் தெரியும்.

என் கதையே ஒண்ணு இருக்கு. மழையில ஒரு மேட்ச், வலது பக்கத்துலேர்ந்து கிராஸ் (ஓரத்துலேர்ந்து கோல் முன்னாடி அடிக்கிற பந்து) வருது, "கீப்பர்!"னு கத்திட்டு நான் வெளிய வந்துட்டேன், பந்து ரெண்டு கையிலயும் பட்டு சோப்பு மாதிரி வழுக்கி கீழ விழுந்துச்சு, எதிர் டீம் பொண்ணு ஒரு தட்டு தட்டினா, கோல். போஸ்டுக்குப் பின்னாடி நின்ன ஒரு ஆள் மேட்ச் முடியறவரைக்கும் என்னை "வெண்ணெய் கை, வெண்ணெய் கை"ன்னே கூப்பிட்டான். தப்பு என்னுதுதான், ஈரப் பந்தைப் பிடிக்கப் போயிருக்கக் கூடாது, ரெண்டு முஷ்டியும் சேர்த்து குத்தி தூர அனுப்பியிருக்கணும். அதை யாராவது சொல்லியிருந்தா அன்னிக்கே கத்துக்கிட்டிருப்பேன். எனக்கு அதை சொல்லித் தர ஒரு ஆள் கிடைக்க அப்புறம் நாலு வருஷம் ஆச்சு.

நேர்மையான விமர்சனம் எப்படி இருக்கும்னா, ஜெர்மனி கீப்பர் ஆன்-கட்ரின் பெர்கரைப் பாருங்க. 2025 பெண்கள் யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) கால் இறுதியில பிரான்ஸ் கூட ஆட்டம், 13-வது நிமிஷத்துலயே ஜெர்மனிக்கு ரெட் கார்டு, பத்து பேரை வச்சுக்கிட்டு 1-1 வரைக்கும் இழுத்தாங்க. எக்ஸ்ட்ரா டைம்ல சொந்த டிஃபென்டர் தலையில பட்டு பந்து பின்னாடி கோல் பக்கம் வளைஞ்சு வருது, பெர்கர் பின்னாடியே ஓடி, தாவி, லைன்ல வச்சு தட்டி விட்டாங்க. பெனால்டியில ரெண்டைத் தடுத்து, தானும் ஒண்ணு அடிச்சு டீமை ஜெயிக்க வச்சாங்க. நாலே நாள் கழிச்சு அரை இறுதி, ஸ்பெயின், 113-வது நிமிஷத்துல ஐதானா பொன்மதி ரொம்ப இறுக்கமான கோணத்துலேர்ந்து நியர் போஸ்ட் (அடிக்கிறவங்களுக்குக் கிட்ட இருக்கற போஸ்ட்) பக்கம் அடிச்சு கோல். கீப்பர் மூட வேண்டிய மூலை அது. பெர்கரே மேட்ச் முடிஞ்சதும் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாங்க. ரெண்டும் ஒரே ஆள்தான். அந்த கோலைத் தப்புன்னு சொல்றதால முதல் மேட்ச் அழிஞ்சு போகாது, முதல் மேட்ச்சைக் காட்டி அந்தத் தப்பை மறைக்கவும் வேண்டாம்.

உங்க பக்கத்துல இருந்தவருக்கும் ஒரு வார்த்தை. "பாவம், விடுங்க"ன்னு சொல்றதும் எங்களுக்கு வலிக்கும் சார். வேலை முடிச்சுட்டு வந்து ஆடறவங்கதான், ஆனா கிளவுஸ் போட்டு நின்னாச்சுன்னா கீப்பர்தானே. எனக்கு கடுப்பாகறது வேற ஒண்ணு: ஆம்பளைங்க கீழ் டிவிஷன்லயும் வாரா வாரம் இதே கோல் விழுது, அங்க "அந்த ஆளு சொதப்பிட்டான்"னு சொல்லிட்டு போயிடறாங்க, இங்க மட்டும் "பொண்ணுங்களுக்கு கீப்பிங் வராது"ன்னு ஒருத்தி விட்ட பந்துக்கு ஊர்ல இருக்கற அத்தனை பேர் தலையிலயும் பில் எழுதிடறாங்க. இங்கிலாந்துல 1921-லேர்ந்து சுமார் ஐம்பது வருஷம் கால்பந்து சங்கம் தன் மைதானங்கள்ல பெண்களை ஆடவே விடலை. அந்த ஐம்பது வருஷத்துல எத்தனை கீப்பர் கோச் உருவாகியிருப்பாங்கன்னு யோசிச்சுட்டு அப்புறம் தரத்தைப் பத்தி பேசலாம்.

கேள்வி: எனக்கு 18 வயசு. முதல் சீசன். போன மேட்ச்ல ஒன்பது கோல் வாங்கினேன். டீம்ல ஒரு அக்கா அதுல ஒரு கோலை மட்டும் வெட்டி எடுத்து குரூப்ல போட்டு சிரிப்பு எமோஜி விட்டிருந்தாங்க. கீப்பிங்கையே விட்டுடலாமான்னு இருக்கு.
– பேர் வேண்டாம்

பதில்: விட்டுடாதம்மா. முதல்ல அந்த வீடியோ, கேப்டன்கிட்ட போய் "எடுக்கச் சொல்லுங்க"ன்னு நேரா சொல்லு, அழுதுட்டே சொன்னாலும் பரவாயில்ல. சொந்த டீமே சிரிச்சா எதிர் டீமுக்கு வேலையே இல்ல.

ஒன்பதுங்கற நம்பரை வச்சு ஒண்ணும் தெரியாது. எத்தனை ஷாட் வந்துச்சு? 2019 உலகக் கோப்பையில சிலி டீம் அமெரிக்காகிட்ட 3-0ன்னு தோத்துச்சு, அந்த மேட்ச்ல சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு தெரியுமா, மூணு கோல் வாங்கின கிறிஸ்டியான் எண்ட்லருக்கு. அவங்க மட்டும் இல்லைன்னா மூணோட நின்னிருக்காது.

ஒரு நோட்டு எடு. ஒன்பது கோலையும் வரிசையா எழுதி, பக்கத்துல "என்னுது", "பாதி என்னுது", "என்னுது இல்ல"ன்னு போடு. பொய் சொல்லாம போடணும், ரெண்டு பக்கமும். நான் பார்த்த வரைக்கும் ஒன்பதுல ரெண்டு இல்ல மூணுதான் முழுசா கீப்பருது வரும். அந்த மூணை மட்டும் வச்சு அடுத்த வாரம் பிராக்டீஸ் பண்ணு, மத்த ஆறை கோச் பார்த்துக்கட்டும். அப்புறம் உன் கிளவுஸ் உன் சைஸ்தானா? பழைய அண்ணன் கிளவுஸ்னா தூக்கிப் போடு, விரல் நுனியில இடம் மிச்சம் இருந்தா பந்து நிக்காது. உள்ளங்கை லேடெக்ஸ் காய்ஞ்சு கிடந்தாலும் வழுக்கும், மேட்ச்சுக்கு முன்னாடி லேசா தண்ணி தொட்டு விட்டுக்கோ.

கேள்வி: வாலிபால்ல பெண்களுக்கு நெட் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. ஷாட் புட்லயும் 4 கிலோ, 7.26 கிலோன்னு வித்தியாசம் இருக்கு. கோல் போஸ்ட் மட்டும் ஏன் ஒரே அளவு? குறைச்சா என்ன?

பதில்: கேள்வி நியாயம்தான், செல்சி கோச்சா இருந்தப்ப எம்மா ஹேய்ஸே இதைப் பேசியிருக்காங்க. 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர் ஓட்டையை ஒரே ஆள் அடைக்கணும். உயரம் குறைவா இருக்கற கீப்பருக்கு பார் (மேல் குறுக்குக் கம்பி) ஒட்டி வர்ற பந்து எட்டாது, அதுல பொய் இல்ல. ஆனா கீழ் டிவிஷன்ல ஒரே கிரவுண்டுல காலைல பசங்க, மதியம் ஆம்பளைங்க, சாயங்காலம் நாங்க, போஸ்டை யாரு மாத்தறது? எனக்கு மாத்தறதுல இஷ்டமும் இல்ல. நான் வாங்கின கோல்ல பார் ஒட்டிப் போனது கொஞ்சம்தான், தரையோட தரையா ரெண்டு அடி தள்ளிப் போனதுதான் அதிகம், அதுக்கு உயரம் எதுக்கு, கால் வேகம் வேணும். அதனால "எட்டலை"ன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். "குள்ளம்"னு கத்தாதீங்க, அதை யாரும் பிராக்டீஸ் பண்ணி சரி பண்ண முடியாது.

கேள்வி: வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம்தான் பயிற்சி, கீப்பர் கோச் கிடையாது. ரெண்டு கீப்பரையும் ஓரமா அனுப்பி ஒருத்தருக்கொருத்தர் அடிச்சுக்கச் சொல்றேன். கடைசி அரை மணி ஷூட்டிங். வேற என்ன பண்ண?
– ஒரு பயிற்சியாளர்

பதில்: அந்த ஷூட்டிங்கை முதல்ல மாத்துங்க சார், கெடுக்கறதே அதுதான். பதினஞ்சு பேர் வரிசையில நின்னு மூணு செகண்டுக்கு ஒண்ணா அடிப்பாங்க, கீப்பர் எழுந்திருக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும், அரை மணி நேரம் செட் ஆகாமலே நிக்கறதை நீங்களே பழக்கி விடறீங்க. அப்புறம் சனிக்கிழமை "ஏம்மா செட் ஆகலை"ன்னு கேப்பீங்க. ஒரு ஷாட், கீப்பர் எழுந்து தன் இடத்துக்கு வந்து ரெடின்னு கை காட்டினதும் அடுத்த ஷாட், அவ்ளோதான். எண்ணிக்கை பாதியா குறையும், குறையட்டும். கிராஸ் பிடிக்கறப்ப சுத்தி நாலு பேரை நிறுத்தி இடிக்கச் சொல்லுங்க, கோல் முன்னாடி யாருமே இல்லாத காலி பாக்ஸ்ல கிராஸ் பிடிச்சுப் பழகினவங்க மேட்ச்ல கூட்டத்தைப் பார்த்ததும் லைன்லயே ஒட்டிக்குவாங்க. பாஸிங் டிரில்ல அவங்களையும் சேத்துக்கோங்க, சொந்த டீம் திருப்பித் தர்ற பேக் பாஸை வாங்கி உதைக்கறதும் அவங்க வேலைதானே.

கேள்வி: எங்க கீப்பர் பந்தைப் பிடிச்சு வச்சிருந்தாங்கன்னு ரெஃப்ரி எதிர் டீமுக்கு கார்னர் குடுத்துட்டார், அதுலயே கோல். இது என்ன அநியாயம்?

பதில்: 2025-ல வந்த ரூல். எட்டு செகண்டுக்கு மேல கையில வச்சிருந்தா கார்னர், முன்னாடி ஆறு செகண்டுக்கு மேல போனா இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரா கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்), அதை ரெஃப்ரிங்க பெரும்பாலும் குடுத்ததே இல்ல. கடைசி அஞ்சு செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல் விட்டுக் காட்டுவார், ஆனா கீப்பர் அந்த நேரத்துல முன்னாடி யாரு ஃப்ரீயா நிக்கறாங்கன்னு தேடிட்டு இருப்பாங்க, ரெஃப்ரி பக்கம் பார்க்க மாட்டாங்க. சென்டர் பேக் (நடு டிஃபென்டர்) ஒருத்தங்க "கை தூக்கிட்டாரு"ன்னு ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க.