எனாமல் நகையைச் சுரண்டாமல் ஆராய முடியுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். பிரான்சின் லிமோஜ் நகரத்தில் 12ஆம் நூற்றாண்டில் செய்த எனாமல் பதக்கத்தை ஊசிமுனை அளவுகூடச் சுரண்டாமல், எந்தக் கண்ணாடியை உருக்கிச் செய்தது என்று கண்டுபிடித்தார்களாம். உண்மையா, கதை விடுகிறார்களா?
(வாசகர், கல்லடி)

பதில்: உண்மைதான். எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி, அவ்வளவுதான். விளிம்பு உடைந்து கறுப்பு இரும்பு தெரியும் எனாமல் கோப்பை உங்கள் குசினியிலும் ஒன்று கிடக்கும், அதுவும் இதே சாதிதான். லிமோஜ் ஆட்கள் செப்புத் தகட்டைக் குடைந்து, பள்ளத்தில் கண்ணாடித் தூளை நிரப்பிச் சூளையில் வைத்தார்கள். பைசாந்தியர்கள், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் ஆட்கள், மெல்லிய தங்கப் பட்டிகளால் சின்னச் சின்ன அறைகள் கட்டி, அவற்றுக்குள் நிரப்பினார்கள்.

ஆராய்ச்சி என்றதும் எல்லாரும் பெரிய மெஷினைத்தான் நினைக்கிறோம், ஆனால் முதல் வேலை நுண்நோக்கிக்குத்தான். கண்ணாடிக்குள் நிற்கும் காற்றுக் குமிழ், உளி போன தடம், பிறகு யாரோ மெழுகோ பெயின்ரோ வைத்து ஒப்பேற்றிய இடம் எல்லாம் அதிலேயே பிடிபட்டுவிடும். அப்புறம் எக்ஸ்ரே. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சக்தியில் வேறொரு எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பும், அதை வைத்து கோபால்ட் இருக்கிறது, ஈயம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தத் தனிமங்கள் எந்தச் சேர்மமாக நிற்கின்றன என்று பார்க்க ராமன் முறை, அதற்கு லேசர் ஒளி.

இனித்தான் சுவாரசியம். ரோமர் காலத்தில் கண்ணாடியை ஒளி புகாத வெள்ளையாக்க ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்தார்கள், பிற்காலத்தில் அந்த இடத்தை வெள்ளீயம் பிடித்துக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டு லிமோஜ் எனாமலில் பார்த்தால் ஆன்டிமனி! அதாவது பழைய ரோமக் கட்டடங்களில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைப் பெயர்த்து உருக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கைவினைஞர்கள் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி உருக்குவதை அதே நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி எழுதியும் வைத்திருக்கிறார். எழுத்தையும் மெஷினையும் தனித்தனியே கேட்டால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: அம்மம்மாவின் எனாமல் பதக்கம் ஒன்று இருக்கிறது. நகைக்கடையில் காரட் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்க்கலாமா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: அதுவும் எக்ஸ்ரே மெஷின்தான், ஆனால் தங்கத்துக்கென்று பழக்கிய மெஷின். எனாமலைக் காட்டினாலும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதை நம்ப வேண்டாம். கண்ணாடியின் முக்கியச் சரக்கான சோடியம் தருகிற எக்ஸ்ரே மிகப் பலவீனமானது, காற்றைத் தாண்டி வருவதற்குள்ளேயே அடங்கிவிடும். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தின் அடியில் அக்லே என்ற துகள் முடுக்கியை வைத்திருக்கிறார்கள், அதில் சோடியத்தையும் பிடிக்கலாம், புரோட்டான் கற்றையை வெளியே கொண்டுவந்து நகையின் மேல் பாய்ச்சுவார்கள். அதிலும் மேற்பரப்புத்தான் தெரியும். அந்த மேற்பரப்போ பொய் சொல்லும், ஏனென்றால் ஈரக் காற்றில் காலம் காலமாக இருந்த எனாமலின் மேல்தோலில் இருந்து சோடியமும் பொட்டாசியமும் கசிந்து போயிருக்கும். சேதமில்லாத முறை என்றாலும் கவனம் வேண்டும். லேசர் கூடினால் சுடும், கதிர் கூடினால் கண்ணாடி கறுக்கும்.

சரி, கடைக்குக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: அமிலம் தொடக்கூடாது, நகை கழுவும் அல்ட்ராசொனிக் தொட்டியில் போடக்கூடாது. வெடிப்பு விழுந்த எனாமல் அதில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வீட்டில் புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

கேள்வி: நகை செய்த வருசத்தை மெஷின் சொல்லுமா? போலியைப் பிடிக்குமா?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: வருசத்தைச் சொல்லாது. "இதற்கு முன்னர் இருக்க முடியாது" என்று மட்டும் சில வேளை சொல்லும். குரோமியத்தைக் கண்டுபிடித்ததே 1797இல், காட்மியத்தை 1817இல். ஆகவே பச்சை எனாமலில் குரோமியமோ சிவப்பில் காட்மியமோ நிறம் கொடுத்துக்கொண்டிருந்தால், அது இடைக்கால நகை என்று விற்பவரிடம் வேறு கதை கேட்கலாம். கோபால்ட் நீலத்தோடு ஆர்செனிக் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. ஆனால் இவை எதுவும் இல்லை என்பதால் நகை பழசு என்று ஆகிவிடாது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சம்சோன் என்ற நிறுவனம் லிமோஜ் எனாமலை அச்சு அசலாகப் பிரதி செய்து விற்றது. பழைய கண்ணாடியையே உருக்கிப் போலி செய்தால் கண்ணாடியின் கணக்கு மட்டும் போதாது, செம்பையும் பொன்முலாம் பூசிய விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் கடைசியில் வளவில் கிணறு வெட்டும்போது ஏதோ கிடைத்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கழுவாமல், தேய்க்காமல் அப்படியே வைத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அறிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கேட்கிறது. ஒட்டியிருக்கும் மண்ணையும் தட்டிவிட வேண்டாம், அவர்களுக்கு அதுவும் தேவைப்படும்.