தூணை விற்று சீட் வாங்க வேண்டாம், ஆச்சி

செட்டிநாட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி, மகனை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க அவனோடு வந்திருந்தார்கள். கூடவே பையனின் பெரியப்பா. பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கணக்கில் சுமாரான மார்க். பெரியப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். கவுன்சிலிங்கில் கிடைக்காவிட்டால் மேனேஜ்மென்ட் சீட். பணத்துக்கு? பழைய வீட்டில் தங்கள் பங்குக்கு வரும் பர்மாத் தேக்குத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. "பங்காளி வீட்டுப் பிள்ளைக எல்லாம் ஐடியில இருக்காக. இவன் மட்டும் எண்ணெய்க் கையோட நிக்கணுமா?" என்றார் பெரியப்பா.

பதறாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். லீவில் என்ன செய்தாய் என்று பையனைக் கேட்ட பிறகு, சமாதானம் சொல்வதை விட்டுவிட்டேன்.

கோவையில் தாய்மாமன் பட்டறையில் இருந்திருக்கிறான். அங்கே ஒரு பழைய கியர் ஷேப்பர், பல்சக்கரம் வெட்டும் மெஷின். கட்டரே ஒரு பல்சக்கரம் மாதிரி இருக்கும். மேலும் கீழும் போய்வந்தபடி, ஜாப்போடு, அதாவது வெட்டப்படும் துண்டோடு, சேர்ந்து மெல்லச் சுழன்று பல் வெட்டும். திரும்பும் ஸ்ட்ரோக்கில் கட்டரும் ஜாப்பும் ஒரு மயிரிழை விலக வேண்டும். அதற்கு ரிலீஃப் என்று பெயர். கட்டர் சீக்கிரம் மழுங்குகிறது என்று ஆபரேட்டர் இரண்டு முறை சாணைக்கு அனுப்பியிருக்கிறார். "போறப்ப சத்தம் சரியா இருக்கு, வர்றப்பதான் கீச்சுங்குது" என்று சொன்னது இவன். பிரித்துப் பார்த்தால் ரிலீஃப் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்து, கட்டர் திரும்பும்போதும் பல்லில் உரசிக்கொண்டிருந்தது.

சோதித்துப் பார்க்க, 24 பல் கட்டரில் 36 பல் கியர் வெட்டினால், ஜாப் ஒரு சுற்று முடிக்கும்போது கட்டர் எத்தனை சுற்றியிருக்கும் என்று கேட்டேன். "ஒன்றரை." பெரியப்பா இன்னும் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பல் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றி மாட்டும் சேஞ்ச் கியருக்கு அடிப்படை இந்த விகிதம்தான். பல் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் விழுந்தால்? "டயல் கேஜ் வச்சுப் பார்க்கணும், ஜாப் மாட்டுற மேன்ட்ரல் தண்டு கோணலா சுத்துதான்னு." மேன்ட்ரல் சரி என்றால்? யோசித்தான். கட்டருக்கு அடியில் ஒரு சிறு இரும்புச் சில் மாட்டியிருந்தாலும் கட்டர் கோணலாக உட்காரும், அதையும் கழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

பழைய மெஷினைக் கற்று என்ன பயன் என்றார் பெரியப்பா. 1890களில் அமெரிக்காவில் ஃபெலோஸ் என்பவர் உருவாக்கிய முறைதான், கம்ப்யூட்டர் ஓட்டும் இன்றைய சிஎன்சி ஷேப்பரிலும் வெட்டு அதேதான். உட்பல் கியரையும், பல்லை ஒட்டித் தோள் மாதிரி பருத்த பகுதி இருக்கும் கியரையும் வெட்டப் பெரும்பாலும் ஷேப்பரைத்தான் தேடுவார்கள். சாதாரண ஹாப்பிங் மெஷினில் ஹாப் என்னும் திருகு மாதிரிக் கட்டர் உள்ளே போகாது, தோளிலும் இடித்துவிடும்.

ஆச்சி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பர்மா வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், அடுத்தாள் என்ற உதவியாளாகி, கடையை நடத்தும் மேலாள் ஆனவர்கள். கடையில் உட்கார்ந்துதான் வட்டிக்கணக்கு படித்தார்கள், அதை யாரும் குறைவாகப் பேசவில்லையே.

ஐடிஐயில் மெஷினிஸ்ட் டிரேடு 2 வருடம். அரசு ஐடிஐ என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள், மாதம் 1,000 ரூபாய். முடித்த பிறகு டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், அதற்கப்புறம் பி.இ. இரண்டாம் வருடத்திலும். பெரியப்பா ஆசைப்படும் பி.இ. பட்டம் அந்த வழியிலும் வரும்.

இனிப்பாக மட்டும் சொல்ல மாட்டேன். ஆரம்பச் சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும், சட்டையில் கட்டிங் ஆயில் வாடை போகாது. சிஎன்சி கற்காமல் பழைய மெஷினோடு நின்றுவிட்டால் சம்பளமும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் பிடிக்காத படிப்புக்காகத் தூணைப் பெயர்ப்பதற்கு நான் ஒருநாளும் சரி சொல்ல மாட்டேன்.

சேர்க்கும் முன் ஐடிஐக்கு நேரில் போங்கள். மெஷினிஸ்ட் டிரேடு இருக்கிறதா, மெஷின்கள் ஓடுகின்றனவா, துணி போர்த்திக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கேள்விகளைப் பையனே கேட்கட்டும். பெரியப்பாவையும் கூட்டிப்போங்கள்.